ஒரு விரக்கடை கீழே

என் லாத்தாவின் புருஷனுக்கு எந்தச் சாமானையும் இருக்கிற இடத்தில் இருக்க விடத் தெரியாது. லாத்தா என்றால் அக்கா, எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரை நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறி, கடலூர் முதுநகரில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து அவர் வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தால், வா என்று சொல்வதற்கு முன்னாலேயே என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்.

"மாப்ள, ஒரு விரக்கடை பின்னால தள்ளி ஒக்காரு. ஆங்... இப்ப இடுப்பு என்ன சொல்லுது?"

இடுப்பு ஒன்றும் சொல்லாது. ஆனால் அதைச் சொன்னால் இன்னொரு விரல் அகலம் நகர்த்துவார். அதனால் "சொகமா இருக்கு மச்சான்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன்.

ஊரில் யாரையும் விட்டதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனை நடுவழியில் நிறுத்தி, மூட்டையைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறக்கி வைத்து அனுப்புவார். அந்த ஆள் திட்டிக்கொண்டே போவான், மறுநாள் அதே மாதிரிதான் வைத்துக்கொண்டு வருவான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரையின் சேணத்தைச் சரிசெய்கிறேன் என்று ஊர்வலத்தையே நிறுத்தியவர். ஒரு தடவை இறந்தவரின் மையத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது கூட, உயரம் பார்த்து ஆள் மாற்றினார். எனக்கு மானம் போயிற்று.

"செத்தவனக்கூட வுட மாட்டீங்களா மச்சான்?" என்றேன் காதோடு.

"அவனுக்கு இல்ல மாப்ள. தூக்குறவனுக்கு."

அவருடைய தொழிலே முதுகு சம்பந்தப்பட்டதுதான். பினாங்கில் பல வருஷம் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்தவர். கப்பலேறிச் சம்பாதிக்கப் போன சபுராளிகள் ஊருக்குத் திரும்பினால் சென்ட் பாட்டில், சாட்டின் துணி, டார்ச் லைட் என்று கொண்டுவருவார்கள். இவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு வட்ட டப்பா, அதன் இரண்டு பக்கமும் நெளிநெளியாக ரப்பர் குழாய். எங்கள் உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, ஒன் மாப்புள்ள யானத் தும்பிக்கைய வெட்டிக் கொண்டாந்துட்டாரு!" என்றது. லாத்தா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தது.

அறுபதுகளில் கடலூரில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலில் நிற்கும், படகுகள்தான் சரக்கை ஏற்றிக்கொண்டு போகும். படகின் நங்கூரம் அறுந்து விழுந்துவிடும். லாஞ்சுப் படகின் விசிறியில் கயிறு சுற்றிக்கொள்ளும். அப்போதெல்லாம் மச்சானுக்கு ஆள் வரும். காண்டிராக்டர் ஒருவர் மெட்ராஸிலிருந்து காற்றடைத்த சிலிண்டர்களை லாரியில் கொண்டுவந்து ஷெட்டில் போட்டு வைத்திருந்தார். சிலிண்டர் அவருடையது, அதிலிருந்து காற்றை அளந்து குழாய் வழியாக வாய்க்குக் கொடுக்கிற டப்பா மச்சானுடையது. இரண்டையும் முதுகில் சேர்த்துக் கட்ட ஒரு தட்டு வேண்டும். அந்தத் தட்டுதான் என் உயிரை வாங்கியது, ஏனென்றால் எனக்குச் சிதம்பரத்தில் அலுமினியப் பாத்திரக் கடை.

பினாங்கிலிருந்து வந்த தட்டு ஒரு வெள்ளைக்காரனின் முதுகுக்குச் செய்தது. நீளம், அகலம், சப்பை. மச்சானோ குள்ளம், தோள்பட்டைக்குக் கீழே முதுகு லேசாக வளைந்திருக்கும். தட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் என் கை நுழையும். ஒருநாள் கடைக்கே வந்து, வியாபார நேரத்தில், பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துவிட்டார். முதுகில் தட்டு, தட்டில் சிலிண்டர், பிடரிக்குக் கீழே டப்பா. வாங்க வந்த பெண்கள் குண்டானைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"இப்பிடித்தான் மாப்ள தண்ணில கெடப்பேன். டப்பா முதுகோட ஒட்டி, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஒக்காரணும். எவ்வளவு ஒட்டி இருக்கோ அவ்வளவு லேசா காத்து வரும். தட்டு தூக்கிக்கிட்டு நின்னா டப்பா நெஞ்ச வுட்டு மேல போயிரும். அப்பறம் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்துதான் குடிக்கணும். ஒரு மணி நேரம் அப்பிடி இழுத்துப் பாரு, தாயிட்ட குடிச்ச பால் வெளிய வந்துரும்."

"அதுக்கு நா என்ன பண்ணணும்?"

"ஒரு தட்டு அடிச்சுக் குடு. என் முதுகு மாதிரி."

கடைக்குப் பின்னால் வேலை செய்த ஆசாரி ஒரு தகட்டை அடித்துக் கொடுத்தார். மெல்லிசு, சிலிண்டர் கனத்தில் வளைந்துபோயிற்று. கட்டையில் ஒன்று செதுக்கினோம். அது தண்ணீரில் மிதக்கப் பார்த்தது, அதை அமுக்க ஈயம் கட்டினால் இடுப்பு வார் நழுவியது. ஒரு வாரம் கழித்து மச்சான் வெற்றிச் சிரிப்போடு புதுத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனமான அலுமினியம், அழகான குழிவு, முதுகில் வைத்தால் அப்படியே உட்கார்ந்தது. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. லாத்தா கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த பிரியாணி தேக்சாவின் மூடி அது! நான்கு பக்கமும் வெட்டி, வார் நுழைய வாய் போட்டிருந்தார்.

"லாத்தாவுக்குத் தெரியுமா?"

"பெருநாளுக்குத்தான மூடிய தேடும்? அதுக்குள்ள ஒன்னு குடுத்துரு."

அந்தத் தட்டை அவர் சரிசெய்கிற அழகைப் பார்க்கணும். முதலில் தலையைப் பின்னால் சாய்ப்பார். டப்பாவில் தலை இடித்தால் சிலிண்டர் மேலே இருக்கிறது என்று அர்த்தம். பட்டையைத் தளர்த்தி ஒரு விரக்கடை கீழே இறக்குவார். இரண்டு கையையும் மேலே தூக்குவார். தட்டு கூடவே வந்தால் இடுப்பு வாரை இறுக்குவார். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குப்புற விழுந்து மூச்சு வாங்கிப் பார்ப்பார். எழுந்து வந்து சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் புது ஓட்டை. மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கோடு. படகில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெயிலில் மண்டை வெடிக்கும். கடைசியில் ஒரு தடவை எழுந்து வாயிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டு, "மாப்ள, காத்து எங்கேந்து வருதுன்னே தெரியல!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

லாத்தாவுக்கு விஷயம் தெரிந்த அன்று வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன்.

நோன்பு மாதத்திலும் வேலைக்குப் போவார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். "தண்ணிக்குள்ள முங்குறியே, வாயில தண்ணி போனா நோன்பு முறியாதா?"

"வாயில தண்ணி போனா நோன்பு மட்டும் இல்ல மாமா, நானே முறிஞ்சிருவேன். அதனால ரொம்ப ஜாக்கிரத."

நோன்பில் உடம்பு இளைக்கும், வார் தளரும், தட்டு முதுகை விட்டு எழும்பும். அதனால் ஒவ்வொரு வருஷமும் நோன்பு பாதியில் இடுப்பு வாரில் ஒரு ஓட்டை உள்ளே போவார். பெருநாள் பிரியாணி தின்று ஊதினதும் பழைய ஓட்டைக்கு வந்துவிடுவார். லாத்தா இதைச் சொல்லிச் சிரிக்கும். அந்த வருஷம் பெருநாள் முடிந்தது, ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்தது. வார் பழைய ஓட்டைக்கு வரவேயில்லை. இன்னும் ஒன்று உள்ளே போனது. நாங்கள் எல்லாரும் நோன்பு மெலிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ வார் நீண்டுவிட்டது என்றார். உப்புத் தண்ணீரில் ஊறின கித்தான் துணி இழுபடும் என்று எனக்கே பாடம் நடத்தினார்.

பிறகு மூச்சு கஷ்டமாக வர ஆரம்பித்தது. மச்சானைப் பொறுத்தவரை மூச்சு கஷ்டமானால் குற்றவாளி தட்டுதான். புது வார் வாங்கிப் போட்டார். மூடியை மறுபடி கொண்டுவந்து ஆசாரியிடம் குழிவைக் கூட்டச் சொன்னார். பட்டையைக் கீழே இறக்கி இறக்கி, சிலிண்டரின் அடி பின்புறத்தில் இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். தட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் சணல் வைத்துத் தைத்தார். ஒவ்வொரு தடவையும் "இப்ப செரியா இருக்கு" என்பார். இரண்டு நாள் கழித்து என் கடை வாசலில் நிற்பார்.

"மாப்ள, இன்னும் இழுக்க வேண்டியதாத்தாம்ப்பா இருக்கு."

சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கியது, சீட்டை ஏற்றினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கட்டினவன் படியை உயரமாக வைத்துவிட்டான் என்றார். ராத்திரியில் இருமினார், கட்டிலை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தேன். கூடத்தில் தட்டைக் கட்டிக்கொண்டு நின்று, பின்னால் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். பேசும்போதே வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்கினார். லாத்தா அடுப்படியிலிருந்து வந்தது. இடுப்பு பக்கிளை அவிழ்த்தது. தோள் வாரைக் கழற்றி, தட்டைச் சிலிண்டரோடு இழுத்துக் கீழே வைத்தது. அதற்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"இப்ப முதுகுல என்னங்க இருக்கு?" என்று கேட்டது.

அவர் நின்றார். தோள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க. தட்டும் இல்ல, வாரும் இல்ல. இப்பவும் எதுக்கு இப்பிடி இழுக்குது?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். லாத்தா அங்கேயே உட்கார்ந்து அழுதது. அவர் குனிந்து அதன் தலைமுக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டார்.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டபோது, "கொஞ்சம் கீழ வைங்க டாக்டர், அங்கதான் புடிக்குது" என்று மச்சான் யோசனை சொன்னார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டி.பி. ஒரு பக்கம் முழுசா போயிடுச்சு. மறுபக்கமும் பாதி அரிச்சிருக்கு. இதுக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு பாய், ஊசி போடலாம், மாத்திர குடுக்கலாம். ஆனா மருந்து காப்பாத்தறதுக்கு உள்ள கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும்ல? இத்தன மாசமா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார் என்று அந்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது!

திரும்பும்போது ரயிலில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பரங்கிப்பேட்டை தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப தட்டு செரியாத்தான் இருந்துச்சா மாப்ள?"

"செரியாத்தான் இருந்துச்சு மச்சான்."

"மொத தடவ வச்சதே?"

"மொத தடவ வச்சதே."

தலையாட்டினார். ஆலப்பாக்கத்தில் இறங்கி டீ வாங்குகிற சாக்கில் பிளாட்பாரத்தில் நின்று அழுதேன்.

ஊசி போட்டோம். மாத்திரை கொடுத்தோம். மங்கலம்பேட்டையில் ஒரு ஹஜ்ரத்திடம் ஓதித் தண்ணீரும் வாங்கி வந்தோம், அதையும் விடவில்லை. அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். லாத்தா தலையணைகளை அடுக்கும். அவர் ஒன்றை எடுப்பார், ஒன்றை மடிப்பார், ஒன்றை முழங்காலுக்குக் கொடுப்பார். எப்படி வைத்தாலும் காற்று இழுத்துத்தான் வந்தது. உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார், இருமல் எழுப்பிவிடும். நகர்த்திப் பார்க்க இனி வீட்டில் ஒரு சாமான் பாக்கி இல்லை என்ற நிலைமை வந்தபோது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ள, டப்பா நெஞ்சுக்கு மேல இருந்தா நாம இழுக்கணும், செரியா? அப்ப கீழ இருந்தா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தண்ணிக்குள்ள மல்லாந்து படுத்தா டப்பா நெஞ்சுக்குக் கீழ போயிரும். காத்து அதுவா வந்து வாயில வுழும் மாப்ள. நாம இழுக்கவே வேணாம். பினாங்குல பசங்க வெளாட்டுக்கு அப்பிடிக் கெடப்பானுங்க." கண்ணெல்லாம் பளபளத்தது. "ஒரே ஒரு தடவ. நா கொஞ்ச நேரம் நல்லா மூச்சு வுட்டுட்டு வந்துர்றேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த லாத்தா உள்ளே வந்துவிட்டது.

"பைத்தியம் புடிச்சிருக்கா ஒங்களுக்கு? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு தண்ணியா? உள்ள இருமல் வந்தா என்ன செய்வீங்க? என் கருகமணிய அறுத்துட்டுத்தான் போகணுமா? தம்பி, நீ இதுக்குத் தொண போனா, இந்த வாசப்படி மிதிக்காத!"

மூடித் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. லாத்தா சொன்னதில் தப்பு இல்லை. நானே அதன் கட்சிதான்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. மாசியில், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னால், உட்கார்ந்தபடியே போய்விட்டார். இன்னா லில்லாஹி. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. அதற்கு முந்தின வாரம் நடந்ததைத்தான்.

அன்று காலையில் நான் போனபோது லாத்தா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் தயாராக நின்றது. கையில் தட்டு. பல ராத்திரி தூங்காமல் கண் உள்ளே போயிருந்தது.

"ராத்திரி முழுக்க காத்துக்கு அலையுறாரு தம்பி. என்னால பாக்க முடியல. கூட்டிக்கிட்டுப் போவோம். நானும் வர்றேன்."

எங்கள் வீட்டுப் பெண்கள் துறைமுகத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை. லாத்தா கடலூருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்தக் கழிமுகத்தை ஒரு தடவைகூடக் கிட்டப் போய்ப் பார்த்தது கிடையாது. ஷெட்டுக் காவல்காரர் ஒன்றும் கேட்காமல் சிலிண்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படகுக்காரர் மச்சானைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உட்கார வைத்தார். ஆழமில்லாத, அலையில்லாத ஒரு மூலையில் படகை நிறுத்தினோம்.

தட்டை வைத்தால் அது அந்த எலும்பு முதுகில் நிற்கவில்லை. லாத்தா துண்டை மடித்து நடுவில் கொடுத்தது. அது போதவில்லை. இன்னொரு மடிப்பு மடித்தது. தோள் வாரைத் தானே இழுத்தது.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல புள்ள."

"இன்னும் கொஞ்சம் இழுக்கட்டா?"

"போதும். நல்லாத்தான் வச்சிருக்க."

முங்குகிற கண்ணாடியை மாட்டி, ரப்பரை வாயில் கடித்துக்கொண்டு, நானும் படகுக்காரரும் பிடிக்க, தண்ணீரில் இறங்கினார். மல்லாந்தார். கண்ணாடிக்குள் அவர் கண் லாத்தாவைப் பார்த்தபடியே கீழே போனது. கொஞ்ச தூரத்துக்கு மேல் கலங்கல், ஒன்றும் தெரியவில்லை. இடுப்பில் கட்டிய கயிறு மட்டும் என் கையில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அவர் ஒரு இழுப்பு இழுத்தார்.

குமிழி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அந்தக் கூடத்தில் கேட்ட மூச்சு இல்லை அது. அவசரம் இல்லாமல், தூங்குகிறவன் விடுகிற மூச்சு போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. லாத்தா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதையே பார்த்தது. துப்பட்டியின் நுனி தண்ணீரில் நனைந்தது, அது கவனிக்கவில்லை.

"இருமல் வரலியா அவருக்கு?"

"வரல லாத்தா. வந்தா குமிழி கொத்தாக் கெளம்பும்."

"செரமப்படல?"

"இல்ல. பாருங்களேன், எவ்வளவு சீரா வருது."

வெயில் ஏறியது. அந்த உடம்போடு அவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்பது தப்பு, குளிர் பிடித்துவிடும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மேலே வரச் சொல்லி இழுக்கக் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தேன். லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பார்வை குமிழியை விட்டு எழும்பவில்லை.

"கூப்புடாத தம்பி," என்றது. "தூங்குறாரு."